மந்தமாருதமும் ஸ்பின்னேக்கர் பாயும்

கடலிற் பாய்விரித்துச் செல்வோர்க்குப் பெருங்காற்றே பகையென்று கரையில் நிற்போர் எண்ணுவது இயல்பு. பெருங்காற்றில் மாலுமியின் நெஞ்சுரம் வெளிப்படும் என்பது மெய்யே. ஆயினும், அவனுடைய அறிவும் பொறுமையும் நன்கு சோதிக்கப்படுவது காற்றுக் குறைந்தவிடத்தேயாம். கண்ணாடிபோற் கிடக்கும் நீர்ப்பரப்பில், ஒரே அளவும் ஒரே அமைப்புமுடைய இரண்டு ஓடங்களுள் ஒன்று அசையாது நிற்க, மற்றொன்று ஓசையின்றி நழுவிச் செல்வதைக் காண்போர், ‘இதற்கு மட்டும் காற்று எங்கிருந்து வந்தது?’ என வியப்பர். காற்று இரண்டிற்கும் ஒன்றே. அதனை ஏற்றுக்கொண்ட வகையே வேறு. அவ்வகையினை, ஸ்பின்னேக்கர் என்னும் பாயைக் கொண்டு ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

ஸ்பின்னேக்கர் என்பது, காற்றுப் பின்னிருந்து வீசுங்கால் ஓடத்தின் அணியத்திற்கு முன்னே குடைபோல விரியும் பெரியதொரு பாய். இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவிற்கும் இடைப்பட்ட சோலென்ட் என்னும் கடற்காலில், 1860ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஓடப்பந்தயங்களில் இது வழக்கிற்கு வந்தது. அக்காலத்தில் இதனை விரித்தோடிய ஸ்பிங்ஸ் என்னும் ஓடத்தின் பெயரை மாலுமிகள் திரித்து வழங்கியதனாலேயே இப்பெயர் உண்டாயிற்றென்று கூறுவாருமுளர். முன்னாளிற் பருத்தியாலும் பட்டாலும் தைக்கப்பட்ட இப்பாய், இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைலான் துணியால் ஆகலாயிற்று. மென்காற்றிற்கென நெய்யப்படும் துணி சதுர மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிராம் நிறையே உடையது. பாயின் பரப்போ பெரிது. ஒலிம்பிக் பந்தயங்களில் 1976 முதல் இடம்பெற்ற ‘470’ என்னும் இருவர் ஓடத்தில், மற்றை இரண்டு பாய்களும் சேர்ந்து எத்துணைப் பரப்போ, ஏறத்தாழ அத்துணைப் பரப்பு இவ்வொரு பாய்க்கே உண்டு.

இப்பாய்க்கு முனைகள் மூன்று. மேல்முனை பாய்மரத்தின் உச்சிக்கு ஏற்றப்படும். கீழ்முனைகளுள் காற்று வரும் புறத்ததனை, பாய்மரத்தினின்று நீட்டிய ஒரு கோல் தாங்கி நிற்கும். எஞ்சிய முனை ஒரு கயிற்றினாலன்றி வேறெதனாலும் பிணிக்கப்படாது. நம் கடற்கரை மாலுமிகள் பாயை ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்றும், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தாமான் என்றும் வழங்குவர். அச்சொற்களையே யாமும் கொள்வாம். கோலை முன்னும் பின்னும் நகர்த்தும் கயிற்றைக் கோற்கயிறு என்போம். மற்றைப் பாய்களின் விளிம்பு மரத்தையோ கம்பியையோ பற்றி நிற்கும். ஸ்பின்னேக்கரோ மூன்று முனைகளில் மட்டும் பற்றுடையதாய், காற்றினாலேயே தன் உருவத்தைப் பெற்று நிற்பது. ஆதலின் காற்றுத் தளர்ந்தால் உருவமும் உடன் அழியும்.

இனி, மந்தமாருதம் எத்தன்மைத்து என்பதை அறிதல் வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியாகிய போபர்ட் 1805ஆம் ஆண்டில் வகுத்த காற்றளவு முறையில், இக்காலத்து வழக்கின்படி, முதல் எண் மணிக்கு 1 முதல் 3 கடல்மைலும், இரண்டாம் எண் 4 முதல் 6 கடல்மைலும் ஆகிய வேகத்தைக் குறிக்கும். நாம் பேசுவது இவ்விரண்டையுமே. ஆனால், கரையில் நிற்போன் உணரும் காற்று வேறு; ஓடுகின்ற ஓடத்தில் இருப்போன் உணரும் காற்று வேறு. பாய்க்குக் கிடைப்பது பிந்தியதே. காற்று மணிக்கு 6 கடல்மைல் வீச, ஓடம் அதன் போக்கிலேயே நேராக 3 கடல்மைல் வேகத்திற் செல்லுமாயின், பாய் உணர்வது எஞ்சிய 3 கடல்மைல் காற்றையே. காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே வேகம் பாதியாயின் விசை காற்பங்காகும். காற்றுக்கு முன்னே ஓடுபவன் தன் ஓட்டத்தினாலேயே தன் காற்றைக் குறைத்துக் கொள்கிறான்.

இதற்குப் பரிகாரம் யாது? நேர்வழியை விட்டுச் சற்றே சாய்ந்து செல்லுதலே. மேற்கூறிய காற்றில், நேர்திசையினின்று 40 பாகை விலகிச் சென்று ஓடம் 4½ கடல்மைல் வேகம் பெறுவதாகக் கொள்வோம். அப்பொழுது பாய் உணரும் காற்று ஏறக்குறைய 4 கடல்மைலாய், பக்கத்தினின்று வருவதாகும். ஒரு கடல்மைல் தொலைவை நேரே செல்வோன் 20 நிமிஷத்திற் கடப்பான். சாய்ந்து சென்று நடுவில் ஒருமுறை திரும்புவோனுக்கு வழி 1⅓ கடல்மைலுக்குச் சற்றுக் குறைவாக நீளினும், திரும்புவதற்காகும் சிறு தாமதம் நீங்கலாக, 17½ நிமிஷத்திற்குள் அவன் சென்றுசேர்வான். வழி நீண்டது, காலம் சுருங்கிற்று. மென்காற்றில் நேர்வழியே குறுவழியென்று எண்ணுவோர் பிற்படுவதற்குக் காரணம் இதுவே.

யாம் இதனை நூலிற் கற்றதினும் அனுபவத்திற் கற்றதே மிகுதி. சோலென்டில் ஒரு கோடைக்கால மாலையில், சிறிய ஓடமொன்றிற் பணியாளராய் யாம் அமர்ந்திருந்தோம். தாமான் எம் கையில் இருந்தது. காற்று வரவரத் தளர்ந்தது. நீரோட்டமோ எதிர்முகமாய்த் திரும்பியிருந்தது. வேகம் குறைவதைக் கண்ட யாம், இழுத்துப் பிடித்தால் வேகம் கூடுமென்று கருதித் தாமானை முழங்கை முழங்கையாக உள்ளே இழுத்தோம். பாய் தட்டையாகித் தயங்கிற்று. அவ்வமயம் தொலைவிற் சென்ற நீராவிக்கப்பலின் அலை வந்து ஓடத்தை அசைக்கவே, பாய் சரிந்து, அணியத்தினின்று பாய்மரத்துக்குச் செல்லும் கம்பிவடத்தை இருமுறை சுற்றிக்கொண்டது. அதனைப் பிரித்தெடுப்பதற்குள், முன்னர்க் கடந்துவந்த மிதவை எங்களுக்கு முன்னே காணப்பட்டது! நீரோட்டம் எங்களைப் பின்னுக்குக் கொண்டுபோயிற்று. நங்கூரம் பாய்ச்சி நின்றோம். எங்களுக்குப் பின்னே வந்த ஓடங்கள் ஒவ்வொன்றாய்க் கடந்து சென்றன. சுக்கான் பிடித்திருந்த முதியவர் சினவாது சொன்னது இவ்வளவே: ‘நீர் கயிற்றை இழாதீர், கயிறு உம்மை இழுக்கட்டும்.’

அம்மொழியின் பொருளை இனி முறையாக விரித்துரைப்பாம். முதலாவது, கோல் நிற்கும் நிலை. பாய்மரத்துச்சியிலுள்ள காற்றுகாட்டியை நோக்கி, ஓடத்தில் உணரப்படும் காற்றுக்குச் செங்கோணமாகக் கோலை நிறுத்தவேண்டும். காற்றுப் பின்னே சென்றால் கோலும் பின்னே வரவேண்டும். காற்றுப் பக்கத்தே வந்தால் கோல் முன்னே செல்லவேண்டும். இரண்டாவது, கோலின் உயரம். பாயின் கீழ்முனைகள் இரண்டும் நீர்மட்டத்தினின்று ஒத்த உயரத்தில் நிற்றல் வேண்டும் என்பது பொதுவிதி. மென்காற்றிற் பற்றற்ற முனை கயிற்றின் பாரத்தால் தாழ்ந்து தொங்குமாதலின், கோலையும் அதற்கேற்பத் தாழ்த்தவேண்டும். பெருங்காற்றில் வைத்த உயரத்திலேயே கோலை விட்டுவைப்பது புதியோர் பெரும்பாலும் செய்யும் பிழை.

மூன்றாவதும் தலையாயதும் தாமானை ஆளும் முறையாகும். காற்றுப் பக்கத்துப் பாயின் விளிம்பு ஒரு சாண் அளவு உள்நோக்கிச் சுருளத் தொடங்கும்வரை தாமானை நெகிழவிடுக, சுருளக் கண்டவுடன், அது விரியுமளவு மட்டும் இழுக்க, மீண்டும் நெகிழவிடுக. இங்ஙனம் விளிம்பு ஓயாது சுருண்டும் விரிந்தும் நிற்பதே பாய் சரியாக நிற்பதற்கு அடையாளம். சிறிதும் சுருளாது அசையாது நிற்கும் பாய் கரையிலிருந்து காண்போர்க்கு அழகியதாகத் தோன்றும். மெய்யில் அஃது அளவுக்குமிஞ்சி இழுக்கப்பட்ட பாயேயாம். அதன் புறத்தே காற்று ஒழுங்காய்த் தவழ்ந்து செல்லாது பிரிந்து சுழலும், ஓடமும் தளரும்.

தாமான் பிடிப்போனும் சுக்கான் பிடிப்போனும் ஒருவரோடொருவர் இடைவிடாது பேசிக்கொள்ளல் இன்றியமையாதது. தாமானில் இழுவை குறைவதைக் கை முதலில் உணரும். கண் பின்னரே காணும். ‘இழுவை குறைகிறது’ என்று ஒருவன் கூறிய அளவிலே, மற்றவன் ஓடத்தைச் சிறிது காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். அதனால் வேகம் ஏறி, உணரப்படும் காற்றும் ஏறும். ‘இழுவை நன்று’ என்றவுடன், அவ்வேகத்தைக் கொண்டு மெல்லச் சேரிடத்தை நோக்கித் தாழத் திருப்புவான். சுக்கானை வெடுக்கெனத் திருப்பலாகாது. திரும்பும் சுக்கான் நீரைத் தடுக்கும் பலகையுமாகும் என்பதை மறத்தல் கூடாது.

எடையைக் குறைத்தலும் ஒரு கலையே. தடித்த தாமானைக் கழற்றி மெல்லிய கயிற்றைப் பூட்டுவர். நீரில் தோய்ந்த கயிறும் பாயும் சுமையாதலின் அவற்றை உலர்வாய் வைத்திருப்பர். ஓடத்திலிருப்போர் சற்று முன்னேயும், காற்றுக்கு மறுபுறத்தேயும் அமர்ந்து ஓடத்தைச் சிறிது சாய்ப்பர். அதனால் நீரைத் தொடும் அடிப்பரப்புக் குறைந்து உராய்வு குறையும். தொங்கும் பாயும் தன் பாரத்தாலேயே வடிவுறும். எழுந்து நடப்போன் பூனைபோல் அடிவைத்தல் வேண்டும். ஓடம் ஒருமுறை குலுங்கினால் பாயிலுள்ள காற்று உதிர்ந்துபோகும்.

கோலின்றி, அணியத்தினின்று நீளும் கழியில் முன்முனையைக் கட்டும் சமச்சீரற்ற ஸ்பின்னேக்கரும் இக்காலத்தில் மிகுதியாக வழங்குகிறது. 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், சென்னையைச் சேர்ந்த கே. சி. கணபதி, வருண் தக்கர் என்னும் இருவரும் இந்தியாவின் சார்பில் ஓட்டிய ‘பார்ட்டி நைனர்’ ஓடம் இவ்வகைப் பாயுடையதே. இப்பாய் காற்றுக்கு நேர்முன்னே ஓடுதற்கு ஏலாது; இருபுறமும் மாறிமாறிச் சாய்ந்தே செல்லும். மேலே கணக்கிட்டுக் காட்டிய உண்மையினையே இப்பாய் தன் அமைப்பிற் கொண்டுளது எனலாம்.

இவ்வளவு கூறியும், காற்று முற்றும் அடங்கியவழி எக்கலையும் பயன்படாது. நனைந்த துணிபோற் பாய் தொங்குமாயின் அதனை இறக்கிவைத்துக் காத்திருத்தலே அறிவுடைமை. நீரின்மேல் தொலைவில் ஒரு கருமை படர்கின்றதா என்று கண் நோக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதுவே அடுத்த காற்று வரும் சுவடு. அன்று மாலை நங்கூரம் பாய்ச்சியிருந்த எங்களுக்கும் அங்ஙனமே ஒரு சிறுகாற்று வந்தது. நங்கூரத்தை எடுத்தோம், பாயை ஏற்றினோம், இம்முறை தாமானை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்திருந்தோம். முன்சென்ற ஓடங்களுள் மூன்றனை, எல்லைக் கோட்டை அடையுமுன் கடந்தோம். பரிசு எதுவும் எமக்குக் கிட்டவில்லை. ஆயினும், வாய்த்தது சிறிதாயின் வலிந்து பற்றுதலால் அது பெருகாது என்னும் பாடத்தை அவ்விரு விரல்களும் கற்றன. அதனை அவை இன்றும் மறந்தில.