ஆடுகளம் அமைத்த அதிகாரி

பந்தடித்தவரின் பெயர் பத்திரிகையில் வரும். பந்தடிக்கத் திடல் அமைத்தவரின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வெளிகளில் மாலைதோறும் துடுப்பேந்தும் எம் மாணவரிடம், ‘பி. சரா ஓவல்’ என்பதிலுள்ள ‘சரா’ யாரென வினவினால், பலர் விடை தெரியாது விழிப்பர். வீரரைப் போற்றுவோர் அவருக்குக் களம் தந்தவரையும் அறிதல் கடனன்றோ?

அமெரிக்காவில் சட்டம் பயின்ற பிராஞ்ச் ரிக்கி என்பார் பேஸ்போல் நிருவாகத்திற் புகுந்து, 1947 இல் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரரைத் தம் குழுவில் ஆடச்செய்து, நெடுநாளைய நிறத்தடையை உடைத்தார். நிருவாகத்தால் விளையாட்டை உயர்த்திய அத்தகையோர் வரிசையில் வைத்தெண்ணத்தக்கவர் நம் பாக்கியசோதி சரவணமுத்து.

இவர் இலங்கைச் சிவில் சேவையில் அமர்ந்து, தேயிலை, இறப்பர்க் கட்டுப்பாட்டுப் பணிகளைக் கவனித்த அதிகாரி. உடன்பிறந்தாருள் ஒருவரான வைத்தியர் இரத்தினசோதி, 1937 இல் கொழும்பு மாநகர முதல்வரானார். அலுவலகக் கோப்புகளோடு அமைந்துவிடாத பாக்கியசோதி, 1899 இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்துக்குக் கொழும்பிலே ஓவல் மைதானம் அமைய முன்னின்று உழைத்தார். பின்னர் இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதற் தலைவராகவும் விளங்கினார்.

1948 இல் டொன் பிராட்மனின் அவுஸ்திரேலியக் குழு அம்மைதானத்தில் ஆடியது. இலங்கைக் குழுவின் தலைவர் மகாதேவன் சதாசிவம். ஆடுகளத்தை அளந்தபோது, 22 யார் இருக்கவேண்டிய நீளம் 20 யாராகவே இருந்ததாம்! பெருவீரர் கூடும் ஆட்டமும் ஓர் அளவுநாடாவை நம்பியே நிற்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1950 இல் மறைந்த சரவணமுத்து காணாத காட்சிகள் பின்னர் அங்கே நிகழ்ந்தன. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டமும், 1985 செப்டெம்பரில் இந்தியாவுக்கெதிரான முதல் டெஸ்ட் வெற்றியும் அத்திடலிலேயே வாய்த்தன. முத்தையா முரளிதரனும் அக்கழகத்துக்கே ஆடினார். தமிழர் தொடங்கிய கழகத்தின் திடலில் நாடு முழுவதும் ஒன்றாய் நின்று மகிழ்ந்தது. அவ்வொற்றுமை ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோகாதிருத்தலே இத்தீவின் பெருந்தேவை.

குழுவில் பதினொருவருக்கே இடமுண்டு. ஏனையோர் மனந்தளர வேண்டியதில்லை. கணக்கெழுதவும், நன்கொடை திரட்டவும், திடலைச் செப்பனிடவும், ஆடுகளத்தைச் சரியாக அளக்கவும் ஆள்கள் வேண்டும். அப்பணிகளை விரும்பி ஏற்கும் மாணவனும் விளையாட்டு வீரனே என்போம்.