சுண்ணாம்பு நீரில் வெந்த மக்காச்சோளம்

கீலால் இணைந்த இரண்டு கனத்த இரும்புத் தட்டுகளும் ஒரு நீண்ட கைப்பிடியும் கொண்ட டோர்ட்டியா என்னும் மக்காச்சோள ரொட்டியை அழுத்தும் கருவி, மொன்றியல் மாநகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குடித்தனம் நடத்தும் தமிழர் எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது. பூரி பிரஸ் புழங்கிய கைக்கு அதன் உபயோகம் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். ஆயினும் சாதாரண மக்காச்சோள மாவை நீர்விட்டுப் பிசைந்து அதில் வைத்து அழுத்தினால், ஓரமெல்லாம் வெடித்து, எடுக்கும்போதே துண்டு துண்டாகிவிடும். கோதுமை மாவுக்கு இழுபடும் குணத்தைத் தருகிற குளூட்டன் மக்காச்சோளத்தில் இல்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்வது சுண்ணாம்பு.

முற்றிக் காய்ந்த மணிகளை, அவற்றின் எடையில் நூற்றுக்கு 1 பங்கு சுண்ணாம்பு (நாம் வெற்றிலையில் தடவுகிற அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான்) கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டால், மேல்தோலில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் கரைந்துபோய், காலையில் விரலால் தேய்த்ததுமே தோல் மஞ்சள் கூழாக வழுக்கிக்கொண்டு வரும். நன்றாக அலசி அரைத்தபின், அரைவேக்காட்டு மாவுச்சத்தும் எஞ்சிய தோலின் பசையும் கால்சியமும் கூடி மாவைக் கட்டிப் பிடிக்கின்றன. எலுமிச்சங்காய் அளவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, காய்ந்த தோசைக்கல்லில் போட்டுத் திருப்பினால், உள்ளே அகப்பட்ட நீராவி அதை உப்பவைக்கும். ஓரம் வெடித்தால் மாவில் நீர் போதவில்லை. தாளோடு ஒட்டிக்கொண்டால் நீர் மிஞ்சிவிட்டது.

இந்தப் பக்குவத்தின் மகத்துவம் ருசியோடு முடிந்துவிடுவதில்லை. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் வைட்டமினில் பெரும்பகுதி வேறு பதார்த்தங்களோடு பிணைந்து கிடப்பதால் நம் குடல் அதைக் கிரகிக்க இயலாது. சுண்ணாம்பின் காரத்தன்மையே அதை விடுவிக்கிறது. மத்திய அமெரிக்க மக்கள் கிறிஸ்துவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே இதைக் கையாண்டனர். கொலம்பஸுக்குப்பின் தானியம் கடல் கடந்தது, பக்குவம் கடக்கவில்லை. அதன் பலனைத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தமும் கலங்கிய ஏழைகள் அனுபவித்தனர். பெல்லாக்ரா என்னும் அவ்வியாதியை ஸ்பெயினில் கஸால் 1735-இல் விவரித்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது தொற்றுநோயல்ல, ஆகாரக் குறையே என்று 1914 முதல் போராடி நிரூபித்தவர் கோல்ட்பர்கர். நியாசினே அதன் மருந்து என எல்வேஜம் கண்டது 1937-இல். தக்காணத்தில் சோளம் உண்டு வாழ்ந்த ஏழைகளிடமும் இதே வியாதி காணப்பட, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதை ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலமே காரணமாகலாம் என்று 1960-இல் எழுதினார். இத்தனை மேதைகள் இரு நூற்றாண்டு காலம் தேடிய பரிகாரம், அரிச்சுவடி அறியாத பெண்களின் அடுப்படியில் தினந்தோறும் நடந்துகொண்டிருந்தது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மொன்றியலுக்கும் இந்த ஞானம் இறக்குமதியல்ல. 1535-இல் மொன்றியல் தீவுக்கு வந்த ஜாக் கார்ட்டியே, ஓஷலாகா என்ற ஊரைச் சூழ்ந்து மக்காச்சோள வயல்கள் விரிந்திருக்கக் கண்டார். நோத்ர-டாம்-த-கிரேஸின் ஊடே ஓடும் ஷெர்புரூக் வீதியிலேயே, கிழக்கே மெக்கில் பல்கலைக்கழகத்தின் அருகில், 1860-இல் பூர்வகுடிகளின் பழைய கிராமமொன்றின் சின்னங்கள் அகப்பட்டன. செயின்ட் லாரன்ஸ் நதியின் அக்கரையில் கானவாகேயில் வாழும் மொஹாக் மக்களின் மரபில், சுண்ணாம்புக்குப் பதிலாகக் கடினமரச் சாம்பலை நீரில் இட்டு மணிகளை வேகவைக்கிறார்கள். சாம்பலின் பொட்டாசியம் கார்பனேட் அதே வேலையைச் செய்ய, கூடையில் இட்டு அலசித் தோலைப் போக்குகிறார்கள். மாவை அவர்கள் கல்லில் சுடுவதில்லை; அவரை விதைகளைக் கலந்து, கனத்த வட்டமாகத் தட்டி, கொதிநீரில் வேகவைத்து எடுக்கிறார்கள்.