பெருமழைக்குப் பின் நிலத்தில் ஜலம் வடிதல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் பெருமழை மதுரைச் சமவெளியின் குடியானவருக்குப் பெரும்பாலும் மகிழ்ச்சியே தருவதாகும். மழைக்கு ஏங்கிப் பழகியவர் வடிகாலைப் பற்றி நினைப்பது அரிது. ஆயினும் பருத்தி, உளுந்து, மிளகாய், மக்காச்சோளம் முதலிய பயிர்களின் அடியில் ஜலம் இரண்டு மூன்று நாள் தங்குமாயின், அவ்வருஷத்து உழைப்பு முழுவதும் வீணாதல் கூடும். வேருக்கு ஈரம் வேண்டுவது போலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகளை ஜலம் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சு முட்டிச் சத்தை உறிஞ்சும் சக்தியை இழக்கிறது, இலை மஞ்சளிக்கிறது. தண்டின் வழியே வேருக்குக் காற்றை அனுப்பவல்ல நெற்பயிர் இதற்கு விலக்காகும்.

ஓர் அங்குல மழை ஓர் ஏக்கரில் பெய்தால், விழும் ஜலம் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். இது மண்ணுள் இறங்க வேண்டும். அன்றேல் மேலாக ஓட வேண்டும். மணல் கலந்த செவ்வல் நிலம் மணி ஒன்றுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை உட்கொள்ளும். களிமண்ணோ 1 முதல் 5 மில்லிமீட்டரே கொள்ளும். ஆகையால் மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கு ஏற்ற முறை திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலுக்கு ஏலாது. கோடையில் வெடித்த கரிசல், முதல் மழையை வெடிப்புகளின் வழியே விழுங்கிவிடுகிறது. பின்னர் மண் ஊதி வெடிப்புகள் மூடவே, அடுத்த மழை மேலேயே நிற்கிறது. முதல் மழை உடனே மறைந்ததைக் கண்டு நிலம் நன்றாக வடியும் என்று நம்புவது தவறு.

மேலே மணல் அடித்தால் ஜலம் வடிந்துவிடும் என்று கருதுவோரும் உளர். இதன் உண்மையைக் கோல்ப் ஆட்டத்திற்குரிய புல்வெளிகளிலே காணலாம். 1895-ஆம் ஆண்டில் கோல்ப் சங்கம் தோன்றிய கொடைக்கானல் போன்ற மலையிடங்களில் சரிவே பெரும்பகுதி ஜலத்தை வெளியேற்றிவிடும். சமதரையில் அவ்வசதி இல்லை. அமெரிக்கக் கோல்ப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறைப்படி, பந்துக்குழியைச் சூழ்ந்த புல்தரையில் சுமார் 12 அங்குல மணற்கலவையும், அதன் கீழ் 4 அங்குலச் சரளையும், அதற்கும் அடியில் ஜலத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்களும் அமைக்கப்படும். மணல் ஜலத்தை விரைவாக இறக்குகிறது. குழாயே அதை அகற்றுகிறது. போக்கிடம் இல்லாத களிமண்மேல் மணலைப் பரப்பினால், இறங்கிய ஜலம் களியின்மேல் தேங்கி வேரடியில் நிற்கும். செலவு மிகும், குறை தீராது.

ஆகவே நிலமுடையோர் செய்யத்தக்கவை வருமாறு:

1. மழை ஓய்ந்ததும் வயலைச் சுற்றிப் பார்த்து, ஜலம் நிற்கும் தாழ்விடங்களைக் குறித்து வைத்து, கோடையில் அவற்றைச் சமப்படுத்துக.

2. ஓரடி ஆழக் குழி வெட்டி ஜலம் ஊற்றிப் பார்க்க. மறுநாளும் நிற்குமாயின் அந்நிலம் தானாக வடியாது.

3. ஒரே ஆழத்தில் பல்லாண்டு உழுததால் அடியில் கடினத் தட்டு ஏற்பட்டிருப்பின், மண் உலர்ந்துள்ள கோடையில் உளிக்கலப்பையால் உடைக்க.

4. கரிசலில் மானாவாரிப் பயிரை மேட்டுப்பாத்தியில் விதைத்து, இடையே சிறு சரிவுள்ள சால்களை விடுக. மழை குறைந்தால் அச்சால்களே ஈரத்தைக் காக்கும்.

5. ஈரக் கரிசலில் மாடும் டிராக்டரும் இறங்கலாகாது. மிதிபட்ட மண் இறுகிவிடும்.

இவையனைத்தும் ஜலத்திற்குப் போக்கிடம் இருந்தாலன்றிப் பயன்படா. மதுரைச் சமவெளியில் மேல் கண்மாயின் மறுகால் ஜலம் கீழ்க் கண்மாயை நிரப்புமாறு முன்னோர் தொடராக அமைத்துள்ளனர். அத்தொடரில் ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும், மேலுள்ள வயல்கள் மூழ்கக் கீழுள்ள கண்மாய் காய்ந்து கிடக்கும். தன் வரப்பை வெட்டி அடுத்தவர் வயலில் ஜலத்தை விடுவது வடிகால் ஆகாது. அது வழக்கிற்கே வழியாகும்.

எனவே வடிகால் வேலையைக் கீழ்க்கோடியிலிருந்து மேல்நோக்கியே தொடங்க வேண்டும். புரட்டாசிக்கு முன்பே கிராம அதிகாரிகள் புலப்படத்தைக் கையில்கொண்டு, நிலமுடையோருடன் மறுகால் ஓடை முழுவதையும் நடந்து பார்த்து, அடைப்பு உள்ள இடங்களைக் குறித்துக்கொள்வது நலம். மழை தொடங்கியபின் மண்வெட்டியால் செய்யும் வேலை பெரும்பாலும் ஒருவர் கஷ்டத்தை மற்றொருவர் வயலுக்கு மாற்றுவதாகவே முடியும்.