மழைத்துளியும் ஒளித்துளியும்



மலைநாட்டிலே வாழ்பவர்களுக்கு மழையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயங்களின் தகரக் கூரையின் கீழ் உறங்கி எழுந்தவர்கள், மழை தொடங்கும் ஓசையை நன்கு அறிவர். முதலில் ஒரு துளி. சற்று நேரங் கழித்து மற்றொன்று. கண்ணை மூடிக்கொண்டே அவற்றை எண்ணிவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிட்டாலோ துளிகளின் ஓசையெல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகிவிடுகிறது. "சேர், பெருமழையில் எத்தனை துளி விழுகிறதென்று எண்ணவே முடியாதா?" என்று எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி முன்பொரு நாள் வினவினாள்.

அது சிறுபிள்ளைத்தனமான கேள்வியன்று. விண்மீன்களின் ஒளியை எண்ணும் கருவிகளை அமைக்கும் விஞ்ஞானிகளும் இதே கேள்விக்குத்தான் விடை தேடினர்.

ஒளி இடையறாது பெருகி வருவதாக நமக்குத் தோன்றினும், உண்மையில் அது துணிக்கை துணிக்கையாகவே வந்து சேர்கிறது. இத்துணிக்கையைப் போட்டன் என்பர். மிகத் தொலைவிலுள்ள மங்கலான பொருளிலிருந்து போட்டன்கள் தூறலைப் போல ஒவ்வொன்றாகவே வருகின்றன. அவற்றை ஒன்றும் விடாமல் எண்ணுவதற்கென்றே போட்டன் எண்ணும் கருவிகள் தோன்றின.

நமது அண்டை நாடான இந்தியா 2015 ஆம் ஆண்டு செப்டம்பர் 28 ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் என்னும் செய்மதியை ஏவியது. அதிலுள்ள கழியூதாத் தொலைநோக்கி அத்தகைய கருவியைக் கொண்டது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் பிற நிறுவனங்களுடன் கூடி அதனை உருவாக்கியது. கனடா நாட்டு விண்வெளி நிறுவனமும் இதிற் பங்கு கொண்டது. தமிழகத்துக் கொடைக்கானல் மலையிலுள்ள சூரிய ஆய்வுக்கூடமும், ஜவ்வாது மலைக் காவலூரிலுள்ள வானாய்வுக்கூடமும் இதே பெங்களூர் நிறுவனத்தைச் சேர்ந்தவையே.

அக்கருவி வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. ஒரு போட்டன் அதன் முகப்பிலே மோதியதும் ஓர் இலத்திரன் வெளிப்படுகிறது. நுண்ணிய துளைகள் நிறைந்த தகடுகள் அந்த ஓர் இலத்திரனைப் பெருங்கூட்டமாகப் பெருக்குகின்றன. அக்கூட்டம் ஒரு திரையிலே பட்டு ஒளிப்பொட்டாக மிளிர்கிறது. அப்பொட்டுகளைக் கருவியிலுள்ள கமரா செக்கனுக்கு ஏறத்தாழ 29 படங்களாகப் பதிவு செய்கிறது. ஒரு பொட்டு, ஒரு போட்டன்; கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் பிரகாசமான விண்மீன் ஒன்று எதிர்ப்பட்டால் என்ன நேரும்? ஒரே படத்தில், ஒரே இடத்தில் இரண்டு மூன்று போட்டன்கள் விழுந்தாலும் கருவிக்கு அவை ஒரு பொட்டாகவே தெரியும். மூன்று வந்திருக்க, ஒன்றென்று பொய்க்கணக்குக் காட்டும். விண்மீனின் வெப்பநிலையை வெவ்வேறு அலைநீளங்களில் அதன் ஒளியின் அளவுகளை ஒப்பிட்டுக் கணிக்கிறோமாதலால், கணக்குத் தவறினால் விண்மீனைப் பற்றிய நமது அறிவே தவறிவிடும். ஆகவே, மிக மங்கலானது முதல் மிகப் பிரகாசமானது வரை ஒரே கருவியால் அளக்கக்கூடிய எல்லையை விரிவாக்குவது இன்றியமையாததாகிறது. இவ்வெல்லையை அளவீட்டு வீச்சு எனலாம்.

இதற்கு முதல் வழி கணிதம் தருவது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளிலே 100 கட்டங்கள் வரைந்து, 100 அரிசி மணிகளை அவற்றின்மீது பரவலாகத் தூவுங்கள். கட்டத்துக்கு ஒன்றாக அவை விழமாட்டா. சிலவற்றில் இரண்டு மூன்று விழும். ஏறத்தாழ 37 கட்டங்கள் வெறுமையாக இருக்கும். மணி விழுந்த கட்டங்களை மட்டும் எண்ணுபவன் 63 என்பான். வெறுங் கட்டங்கள் 37 என்பதைக் கவனித்தவனோ, விழுந்தவை ஏறத்தாழ 100 என்று சரியாகச் சொல்வான். பிரெஞ்சுக் கணித மேதை புவாசோனின் பெயரால் வழங்கும் விதி இதற்கு அடிப்படை. அவ்வாறே, பொட்டு விழாத படங்கள் எத்தனை என்று பார்த்து, மறைந்துபோன போட்டன்களின் தொகையையும் விஞ்ஞானிகள் கணிக்கின்றனர்.

இவ்வழிக்கும் ஓர் எல்லை உண்டு. அதே தாளில் 500 மணிகளைத் தூவினால் வெறுங் கட்டம் ஒன்றுகூட எஞ்சாதிருக்கலாம். வெறுமையே இல்லாதபோது கணக்கிட ஆதாரம் ஏது?

அங்கே இரண்டாவது வழி துணை செய்கிறது. அஸ்ட்ரோசாட் தொலைநோக்கியின் முழுப் பார்வைப் பரப்பு, நிறைமதியின் அகலத்துக்குச் சற்றுக் குறைந்தது. அதில் ஒரு சிறு சாளரத்தை மட்டும் பதிவு செய்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 600 படங்கள் வரை எடுக்கலாம். ஒரு படத்துக்குரிய நேரம் இருபதில் ஒரு பங்காகக் குறைவதால், போட்டன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதும் குறைகிறது. பரப்பை இழந்து வேகத்தைப் பெறுகிறோம். அதற்கும் மிஞ்சிய பிரகாசமாயின், ஒளியைக் குறைக்கும் வடிகட்டியை இடுவர். அல்லது கருவி கெடாதிருக்க அப்பக்கம் திருப்பாமலே விடுவர்.

அமெரிக்க அறிஞர் எரிக் பொசம் 2005 ஆம் ஆண்டளவில் மற்றொரு வழியை முன்வைத்தார். கட்டங்களை மிகச் சிறியனவாகவும் எண்ணற்றனவாகவும் அமைத்து, ஒவ்வொன்றும் "விழுந்தது" அல்லது "விழவில்லை" என்று மட்டுமே கூறச் செய்யலாம் என்றார். பழைய புகைப்படச் சுருளிலுள்ள வெள்ளியுப்பு மணிகளும் ஏறக்குறைய இவ்வாறே ஒளியைப் பதிந்தன.

இத்தனை முயற்சியின் பயன் யாது? 2020 ஆம் ஆண்டில் கனக் சாஹாவும் அவருடைய குழுவினரும் அஸ்ட்ரோசாட் பதிவுகளைக் கொண்டு, 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலமொன்றிலிருந்து வந்த கழியூதா ஒளியைக் கண்டதாக அறிவித்தனர். அந்த மங்கலையும், அருகிலுள்ள வெப்பமிகு விண்மீன்களின் பேரொளியையும் அளக்க ஒரே கருவி முயல்கிறது.

நேயர்களே, அந்த மாணவிக்கு நான் அளித்த விடை இதுதான்: "பெருமழையையும் எண்ணலாம், மகளே. நனைந்த இடத்தை மட்டும் எண்ணாதே. நனையாத இடத்தையும் சேர்த்து எண்ணு." கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடாமல், அது காணத் தவறியது எவ்வளவு என்றும் கேட்பதே விஞ்ஞானம்.