அனுப்புநர் பெயருக்கு யார் காவல்?

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளருக்கும் ஐரோப்பாவில் உள்ள வாங்குபவருக்கும் இடையே ஆர்டர், சாம்பிள் ஒப்புதல், இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் மின்னஞ்சலில்தான் போய்வருகின்றன. அந்த முகவரியை நம்பித்தான் பணமும் வருகிறது. சொந்த டொமைனில் முகவரி வாங்கி விசிட்டிங் கார்டில் அச்சடித்துவிட்டால் போதும் என்று பல நிறுவனங்கள் நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தப் பெயரில் யார் மடல் அனுப்பலாம் என்று டொமைனின் டிஎன்எஸ் பதிவில் எழுதிவைக்காதவரை, அதை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

மின்னஞ்சலின் பிறப்பிலேயே இந்தக் குறை இருக்கிறது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறை, அனுப்புபவர் சொல்லும் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டது. தபால் உறையில் யார் பெயரை எழுதினாலும் அஞ்சல்காரர் விசாரிப்பதில்லையே, அதுபோல. பின்னால் வந்த மூன்று ஏற்பாடுகள் இதற்கு மருந்து. எந்தெந்த சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் பட்டியலிடுகிறது. டிகிம் ஒவ்வொரு மடலிலும் டிஜிட்டல் முத்திரை இடுகிறது. வழியில் யாராவது திருத்தினால் முத்திரை பொருந்தாது. இந்த இரண்டோடு நிறுத்தினால் பயன் பாதிதான். எஸ்பிஎஃப் சோதிப்பது, படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத உறை முகவரியை. திரையில் தெரியும் பெயரோடு இந்தச் சோதனைகளைப் பொருத்திப் பார்த்து, பொருந்தாத மடலை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்வது மூன்றாவதான டிமார்க்.

இது பெரிய நிறுவனங்களின் கவலை, நமக்கெதற்கு என்று கேட்கலாம். வணிக மின்னஞ்சல் மோசடியால் 2023-இல் மட்டும் 290 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்பிஐ-யிடம் புகார்கள் பதிவாகின. கணக்கு எண் மாறிவிட்டது என்று சொல்லும் ஒரே ஒரு பொய் மடல் சிறிய நிறுவனத்தின் ஒரு சீசன் வருமானத்தையே விழுங்கிவிடும். மோசடி ஒருபுறம் இருக்க, நம்முடைய உண்மையான மடலே போய்ச் சேராமல் போகலாம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எல்லோருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று கட்டாயம். நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் மூன்றுமே வேண்டும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. ஓர் எழுத்தை மாற்றி, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் வேறு டொமைன் வாங்கினால் டிமார்க் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. கடவுச்சொல் திருடிய ஆள் நம் கணக்கிலிருந்தே அனுப்பினாலும் தடுக்காது. அதற்கு இரட்டைச் சரிபார்ப்பும், கணக்கு எண் மாறினால் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யும் வழக்கமும் வேண்டும். அதற்காக நம் சொந்தப் பெயரையே திறந்துபோட வேண்டியதில்லை.

அவசரப்பட்டு முதல் நாளே 'நிராகரி' என்று டிமார்க்கில் எழுதுவதும் ஆபத்து. பில்லிங் மென்பொருள், சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை, இணையதளத்தின் விசாரணைப் படிவம் எல்லாம் நம் பெயரில் மடல் அனுப்பிக்கொண்டிருக்கும், அவையும் தடைபடும். முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் படித்து, விடுபட்டவற்றைச் சேர்த்த பிறகே இறுக்க வேண்டும். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். புதிய சேவைக்கென இரண்டாவதை எழுதினால் சோதனையே பிழையாகிவிடும். இதையெல்லாம் தொடங்குமுன் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இணையதளம் செய்துகொடுத்தவரின் கணக்கில் அது இருந்தால், நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி வாங்குவதுதான் முதல் வேலை.