காரணம் சொல்லாமல் நிறுத்த முடியாது

தமிழ்நாட்டில் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் ரேஷன் கடையில் விலையில்லா அரிசி உண்டு. நலத்திட்டங்களுக்குக் குறைவில்லாத மாநிலம்தான். ஆனாலும் இவை யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ, அவர்கள்தான் எளிதில் விடுபட்டுப் போகிறார்கள். தகுதியை நிரூபிக்கும் சுமை முழுவதும் கேட்பவர் தலையில் இருப்பதே காரணம். வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, கைரேகை என எதில் பிசகு வந்தாலும், படித்தவரும் ஆள் தெரிந்தவரும் சரிசெய்துகொள்கிறார்கள். ஒருநாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாதவருக்குத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு முறை அலைவது நடக்காத காரியம். குறைக்க வந்த ஏற்றத்தாழ்வை அலுவலக வாசலிலேயே திட்டம் மீண்டும் உண்டாக்கிவிடுகிறது. உதவி நின்றுபோனவர் அதைத் தலைவிதி என்று விட்டுவிடாமல், ஏன் நின்றது என்று எழுத்தில் கேட்பதுதான் இதை மாற்றுவதற்கான முதல் படி.

அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. முதுமை, நோய், வேலையின்மை ஆகியவற்றில் அரசு உதவ வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு. ஆனால் அது நெறிமுறைக் கோட்பாடு என்பதால் அதை மட்டும் வைத்து நீதிமன்றம் செல்ல முடியாது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.11.2001 அன்று பிறப்பித்த இடைக்கால உத்தரவு நிலைமையை மாற்றியது. மதிய உணவு, முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட எட்டுத் திட்டங்களை முழுமையாக நிறைவேற்றும்படி அது அரசுகளுக்கு ஆணையிட்டது. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, சேரவேண்டிய தானியம் சேராவிட்டால் அதற்கு ஈடாகப் பணப்படி தர வேண்டும் என்கிறது. மாவட்டத்தில் குறைதீர் அலுவலரும் மாநிலத்தில் உணவு ஆணையமும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவிப்பதை அரசு அலுவலகத்தின் கடமையாக்குகிறது. "மேலே நிறுத்திட்டாங்க" என்ற வாய்மொழி பதில் இந்தக் கடமையை நிறைவேற்றாது.

கைரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பப்படுவது இன்று அடிக்கடி நேரும் ஆபத்து. மண்ணும் சிமெண்டும் தொட்டுத் தேய்ந்த விரல்களை இயந்திரம் அறிய மறுக்கிறது. நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மை. ஆனால் ஆதார் இணைக்கவில்லை என்பதற்காக ரேஷன் பட்டியலிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதே நியாயம் கைரேகைக்கும் பொருந்துவதால், அது பதியாவிட்டால் வேறு அடையாளத்தின் பேரில் வழங்கும்படி தயங்காமல் கேட்கலாம்.

உதவித்தொகை நின்றால் முதலில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அந்தச் சீட்டின் நகலோடு முறையிடலாம். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் மனு போட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அந்தக் கட்டணமும் இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம்; அதற்கான எண் 15100.

இத்தனை வழி இருந்தும் தனியாளால் இவற்றில் நடக்க முடிவதில்லை. சமூகப் பணியின் இடம் இங்கேதான் இருக்கிறது. அரிசி மூட்டையும் சேலையும் வழங்குவது அந்த நேரத்துப் பசிக்கு உதவும். நின்றுபோன ஓய்வூதியத்தை மீட்டுத் தராது. மனு எழுதித் தருவதும், கூடவே போவதும், சீட்டைப் பாதுகாப்பதும் சிறு வேலைகளாகத் தோன்றலாம். ஆனால் ஒரே ஊரில் பலருக்கு ஒரே காரணத்தால் உதவி நின்றிருப்பதைச் சமூகப் பணியாளர் தொகுத்துக் காட்டும்போதுதான், தவறு மனுதாரர்களிடம் இல்லை, நிர்வாக முறையில் இருக்கிறது என்பது அம்பலமாகிறது.

சரிபார்ப்பைத் தளர்த்தினால் தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிடுவார்கள், அது வரி கட்டுவோர் பணம் என்று ஒரு மறுப்பு எழும். கவலை நியாயமானது. சரிபார்ப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதன் வரிசை மாற வேண்டும் என்பதே கோரிக்கை. தகுதியில்லாத ஒருவர் பெற்ற பணத்தை அரசு பிறகு வசூலித்துக்கொள்ளலாம். தகுதியுள்ள மூதாட்டி மூன்று மாதம் மருந்தில்லாமல் கழித்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆகவே முன்னறிவிப்பு, விளக்கம் தர வாய்ப்பு, நேரடி விசாரணை, அதன் பிறகே நீக்கம் என்பதுதான் நேர்மையான முறை. எல்லாம் இ-சேவை மையத்துக்கு வந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். விண்ணப்பம் இணையத்துக்குப் போனதால் பயணம் குறைந்திருக்கிறது; ஆனால் நிராகரிப்பைப் படித்துப் புரிந்து பதில் எழுதும் திறன் அதனால் கூடிவிடவில்லை. நீக்கப்பட உள்ளோர் பட்டியலைக் காரணத்தோடு கிராம சபையில் முன்கூட்டியே படிக்கும்படி அரசு ஆணையிட்டால், பணச் செலவு பெரிதாக இராது; வாசலில் விடுபடுவோர் எண்ணிக்கை கட்டாயம் குறையும்.