மேற்கே உதித்த சூரியன்

சூரியன் மேற்கே உதிக்குமா? உதிக்காது என்று சிறு குழந்தையும் சொல்லும். ஆனால் 1954ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி அதிகாலையில், பசிபிக் பெருங்கடலில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 23 ஜப்பானிய மீனவர்கள் மேற்கு வானம் பளீரென்று ஒளிர்வதைக் கண்டார்கள். சில நிமிடங்கள் கழித்துத்தான் இடிபோன்ற ஓசை கேட்டது. அவர்கள் இருந்த இடத்திலிருந்து பிகினித் தீவு சுமார் 160 கிலோமீட்டர். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். எத்தனை நிமிடம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அன்று பிகினியில் அமெரிக்கா வெடித்தது ஓர் ஐதரஜன் குண்டு. ஹிரோஷிமாவில் விழுந்ததைப்போல் சுமார் 1000 மடங்கு வலிமை உடையது. அதைச் செய்தவர்களே அவ்வளவை எதிர்பார்க்கவில்லை! குண்டில் லிதியத்தின் இரு ஐசோடோப்புகள் இருந்தன. லிதியம்-6 மட்டுமே வினைபுரியும், லிதியம்-7 சும்மா இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். அதுவோ வேக நியூட்ரான்கள் தாக்கியதும் உடைந்து டிரிடியத்தைத் தந்தது. டிரிடியம் ஐதரஜன் குண்டின் எரிபொருள் அல்லவா? வெடிப்பு கணக்கை மீறிப் பெருகியது. அபாயப் பகுதி என்று அறிவித்திருந்த எல்லைக்கு வெளியேதான் மீனவர்களின் கப்பல் இருந்தது.

அந்தக் கப்பலின் பெயர் ஐந்தாம் ஃபுக்குரியு மாரு. 'அதிர்ஷ்ட டிராகன்' என்று பொருள். மீனவர்கள் உடனே அங்கிருந்து விலக விரும்பினார்கள். ஆனால் நீண்ட தூண்டில் கயிறுகள் கடலில் கிடந்தன. அவற்றை இழுத்து முடிக்கப் பல மணி நேரம் பிடித்தது. அப்போதுதான் வானிலிருந்து வெண்ணிறத் தூள் பொழியத் தொடங்கியது. வெடிப்பில் பொடியான பவளப் பாறை அது. கதிரியக்கப் பொருள்கள் ஒட்டிக்கொண்டு வந்தது. தலையிலும் கழுத்திலும் படிந்தது. ஊர் திரும்புமுன்னரே தோல் கருத்தது, முடி உதிர்ந்தது. ரோங்கெலாப் தீவு மக்கள்மீதும் அதே சாம்பல் விழுந்தது. அவர்களை வெளியேற்ற இரண்டு நாள் ஆயிற்று.

மார்ச் 14ஆம் தேதி கப்பல் யாய்சு துறைமுகத்தை அடைந்தது. இரண்டு நாளில் செய்தி நாடெங்கும் பரவியது. மீன் அங்காடிகளில் கெய்கர் கருவியோடு அதிகாரிகள் நின்றார்கள். நூற்றுக்கணக்கான கப்பல்களில் வந்த மீன்கள் கதிரியக்கம் உடையவை எனக் கண்டு வீசப்பட்டன.

இனி வருவது ஒரு துப்பறியும் கதை. குண்டின் அமைப்பு பரம இரகசியம். ஆனால் சாம்பல் ஜப்பானியர் கையில் இருந்தது. டோக்கியோ பல்கலைக்கழக வேதியியலறிஞர் கிமுரா கெஞ்சிரோ குழுவினர் அதைப் பகுத்தாய்ந்து யுரேனியம்-237 இருக்கக் கண்டார்கள். இதன் அரை வாழ்நாள் சுமார் 7 நாள்தான். தாமதித்திருந்தால் தடயம் மறைந்திருக்கும். 1940இல் இந்த ஐசோடோப்பைக் கண்டறிந்த குழுவிலும் கிமுரா இருந்தார் என்பது வியப்பான பொருத்தம்! யுரேனியம்-238 மிக வேகமான நியூட்ரான் ஒன்றை ஏற்று இரண்டை வெளிவிட்டால் 237 உண்டாகும். ஆகவே குண்டில் சாதாரண யுரேனியமும் ஏராளமாக இருந்திருக்கிறது. அது பிளந்ததால்தான் இத்தனை கதிரியக்கக் கழிவு. ஒசாகாவில் மீன்களைச் சோதித்த நிஷிவாகி யசுஷி தந்த விவரங்களைக்கொண்டு, லண்டனில் ஜோசப் ராட்பிளாட் இதே முடிவுக்கு வந்தார்.

கடல் பெரியது, எல்லாம் கரைந்துவிடும் என்றார்கள் சிலர். மே மாதம் ஷுன்கோட்சு மாரு என்ற ஆய்வுக் கப்பல் புறப்பட்டது. நீரிலும் மிதவை உயிரிகளிலும் மீன்களிலும் கதிரியக்கம் இருப்பதை அளந்து காட்டியது. பின்னர் சாருஹாஷி கட்சுகோ என்ற பெண் விஞ்ஞானி கடல்நீரில் சீசியம்-137ஐ மிக நுட்பமாக அளந்தார். அவர் கணக்கை நம்பாதவர்கள் இருந்தார்கள். 1962இல் அமெரிக்கா சென்று அவர்களுடைய ஆய்வகத்திலேயே அளந்து காட்டினார்!

செப்டம்பர் 23ஆம் தேதி கப்பலின் வானொலித் தந்தியாளர் குபோயாமா ஐகிச்சி இறந்தார். வயது 40. கதிரியக்கமே காரணம் என்றனர் ஜப்பானிய மருத்துவர்கள்; இரத்தம் ஏற்றியதால் வந்த கல்லீரல் நோய் என்றது அமெரிக்கத் தரப்பு. இரத்தம் ஏற்றியதே எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? மூன்றே நாளில் மற்றொரு துயரம். சூறாவளியில் தோயா மாரு என்னும் பயணிகள் கப்பல் கவிழ்ந்து 1100 பேருக்கு மேல் மாண்டனர். ஹோக்கைடோ தீவுக்குக் கடலடிச் சுரங்க ரயில்பாதை வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. 1988இல் சுரங்கம் திறக்கப்பட்டது.

நவம்பர் 3ஆம் தேதி ஒரு திரைப்படம் வந்தது. ஐதரஜன் குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து கிளம்பும் பூதம். முதற்காட்சியில் ஒளி வெள்ளத்தில் அழியும் ஒரு கப்பல். காட்ஜில்லாவை வெறும் வேடிக்கையாகப் பார்த்திருப்பீர்கள். அன்றைய ஜப்பானியர்க்கு அந்தக் கப்பல் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையே டோக்கியோவின் சுகினாமி பகுதிப் பெண்கள் தொடங்கிய கையெழுத்து இயக்கம், அடுத்த ஆண்டுக்குள் மூன்று கோடிக் கையெழுத்துகளைத் தாண்டியது. வினோதம் என்னவென்றால், சாம்பல் விழுந்த அதே வாரத்தில்தான் ஜப்பானியப் பாராளுமன்றத்தின் கீழவை, அணுசக்தி ஆராய்ச்சிக்கென்று முதன்முறையாக 23.5 கோடி யென் ஒதுக்கியது. கப்பல் அப்போது இன்னும் கடலில் வந்துகொண்டிருந்தது.